ஆற்றுப்பாலைக்கு உப்பு ஆகாது

நான் வேலை பார்த்த தோட்டத்துக்குப் புதிதாக ஒரு கருவி வந்திருக்கிறது. பார்க்கப் பேனா மாதிரி இருக்கும். கிணற்றுத் தண்ணீரில் முக்கினால் அதன் தலையில் ஒரு எண் எரியும். எண் கூடினால் தண்ணீரில் உப்பு கூடுதல் என்று அர்த்தம். என் இடத்தில் இப்போது வேலை செய்கிற அஞ்சு அதைக் காட்டுவதற்கென்றே வீட்டுக்கு வந்தாள்.

"பேச்சி சேச்சி, நீங்க எல்லாரும் வெள்ளத்த நாக்குல வச்சுப் பாத்துட்டுத்தான் செடி நனைச்சீங்களாமே, உள்ளதா?" என்று கேட்டுச் சிரித்தாள். இந்த ஊரில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பேர்.

"உள்ளதுதான்."

"யாரோட நாக்கு?"

நல்ல கேள்வி. அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. எழுத்துக் கூட்டி எழுதுகிறவள் நான். ஒரு பக்கம் எழுத ஒரு பகல் போகும். போகட்டும். இப்போது எனக்கு என்ன அவசரம்?

மட்டாஞ்சேரியில், யூதர்கள் தெருவான ஜூ டவுனுக்குப் பின்பக்கம், காயலை ஒட்டினாற்போல் ஒரு பழைய வீடு. ஒரு காலத்தில் மிளகு வியாபாரியின் வீடு. பிறகு விடுதியாகிவிட்டது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள் நான். என் வீட்டுக்காரர் கிடங்கில் மூட்டை தூக்கினார். அவருக்கு இடுப்பு விட்டுப்போனதும் நான் அந்த விடுதியில் சருகு கூட்டும் வேலைக்குப் போனேன். கூட்ட வந்தவள் கடைசியில் செடி வெட்டும் கத்தி பிடித்தேன். அந்தத் தோட்டத்தில் எனக்கு முன்னால் எந்தப் பெண்ணும் கத்தி பிடித்ததில்லை. இதை நானே சொல்லிக்கொள்கிறேன். வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

தோட்டத்தின் பின்னால் சின்னக் குளம் ஒன்று உண்டு. அதன் கரை சரியாமல் பிடித்து நிறுத்துவது ஆற்றுப்பாலைச் செடிகள்தான். வெளிநாட்டு விருந்தாளிகள் அதைப் பார்த்ததும் "வில்லோ, வில்லோ" என்று சந்தோஷப்படுவார்கள். அவர்கள் ஊரிலும் அதற்குச் சொந்தக்காரச் செடி இருக்கிறதாம். நீளமான இலை, அடிப்பக்கம் வெளுத்திருக்கும். காற்றடித்தால் பச்சை போய் வெள்ளை வரும், வெள்ளை போய்ப் பச்சை வரும். கவனிக்காமல் விட்டால் மரமாகிவிடும். வருஷா வருஷம் வெட்டி வெட்டித்தான் அதைச் செடியாக வைத்திருக்க வேண்டும்.

அப்படி வைத்திருந்தவர் அந்தோணிச் சேட்டன். தோட்டத்துக்கு மூத்தவர். மலைப்பக்கத்து ஆற்றங்கரை ஒன்றிலிருந்து கொப்பு வெட்டி, ஈரச்சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து அவர் நட்டதுதான் அத்தனையும். கும்பளங்கியிலிருந்து சைக்கிளில் வருவார். சட்டையைக் கழற்றி மாங்கொப்பில் மாட்டுவார். தோர்த்துத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நேரே கிணற்றுக்குப் போவார். அதுவரை யாருடனும் பேச மாட்டார். நாம் பேசினாலும் காதில் வாங்க மாட்டார்.

கிணற்றில் அவர் செய்வதை முதலில் பார்த்தபோது ஏதோ நேர்ச்சை என்று நினைத்தேன். முதல் வாளி நீரை இறைத்துக் கீழே கொட்டிவிடுவார். மேல்தண்ணீர் பொய் சொல்லும் என்பார். இரண்டாவது வாளியை ஆழமாக முக்கி எடுப்பார். தேங்காய்ச் சிரட்டையில் கொஞ்சம் மொண்டு, ஒரு வாய் உறிஞ்சி, நாக்குக்கும் கீழுதட்டுக்கும் நடுவில் நிறுத்துவார். கண் மூடியிருக்கும். பிறகு துப்பிவிட்டு ஒரே ஒரு சொல் சொல்வார்.

"கொள்ளாம்" என்றால் தண்ணீர் நன்றாக இருக்கிறது, மோட்டாரைப் போடலாம். "ஓரு" என்றால் காயல் உப்பு ஊறி வந்துவிட்டது, அன்றைக்குக் கிணற்றைத் தொடக்கூடாது. மழைத்தண்ணீர்த் தொட்டியைத் திறக்க வேண்டும். தொட்டித் தண்ணீரோ அடுத்த மழை வரைக்கும் காணவேண்டியது. அதனால் தினமும் அதையே விட்டுவிட முடியாது. கிணறா, தொட்டியா? காலையில் இந்த ஒரு தீர்ப்பில்தான் தோட்டம் பிழைத்துக் கிடந்தது. மற்றச் செடிகள் கொஞ்சம் உப்பைப் பொறுத்துக்கொள்ளும். ஆற்றுப்பாலை பொறுக்காது. அது நல்ல தண்ணீர் குடித்து வளர்ந்த சாதி.

"எங்கப்பன் செம்மீன் கெட்டுல மடை தொறக்கணும்னா என்னையத்தான் கூப்பிடுவாரு. இவ்வளவு பிராயத்துல எனக்கு ஓரு தெரியும்" என்று தொடைக்குப் பக்கத்தில் கையை வைத்துக் காட்டுவார். இறால் வளர்க்கிற பாத்தியில் எப்போது காயல்நீரை விடுவது, எப்போது அடைப்பது என்று நாக்கால் பார்த்துப் பழகிய வீடு அவருடையது.

என்னிடம் அவர் பாடம் நடத்தியதெல்லாம் கிடையாது. நான் செய்வேன், அவர் கேலி செய்வார், அவ்வளவுதான். ஆற்றுப்பாலையைக் கொப்பு ஊன்றித்தான் வளர்க்க வேண்டும். விரல் கனத்தில், முழங்கை நீளத்தில் வெட்டி, பாதிக்கு மேல் மண்ணுக்குள் போகிற மாதிரி ஈரத்தில் குத்தவேண்டும். அடிப்பக்கம் சாய்வாக வெட்டு, தலைப்பக்கம் நேராக வெட்டு. எது தலை, எது கால் என்று பிறகு குழம்பக்கூடாது அல்லவா? நான் முதல் தடவை எல்லாவற்றையும் நேராக வெட்டிக் கட்டிப்போட்டுவிட்டு, மறுநாள் பாதியைத் தலைகீழாகக் குத்திவைத்தேன்.

அந்தோணிச் சேட்டன் குனிந்து மொட்டைப் பார்த்தார். "எடீ பேச்சி, நாளைக்குச் சோறு உண்ணும்போது நீ தலைகீழா நின்னு உண்ணு. இறங்குதான்னு பாத்துட்டு எனக்கும் சொல்லு."

அதற்குப் பிறகு நான் ஊன்றின கொப்பு பட்டுப்போனதில்லை.

வெட்டு அவருடையது. மழை முடிந்து இலை மஞ்சளாகி உதிரும். மொட்டைக் கொப்பாக நிற்கும். விருந்தாளிகள் செத்துப்போய்விட்டதா என்று கேட்பார்கள். செத்துப்போகவில்லை, உறங்குகிறது. எழும்புவதற்குள் வெட்டிவிட வேண்டும். முழங்கால் உயரத்தில் நிறுத்தி, வெளிப்பக்கம் பார்க்கிற மொட்டுக்கு மேலே சாய்வாக ஒரே வீச்சு. இரண்டு வீச்சு போட்டால் பட்டை பிய்ந்து அந்த வழியாகப் புழு ஏறும். பிறகு குச்சி குச்சியாகத் துளிர்கள் வரும். நல்லதை விட்டுவிட்டு நோஞ்சானைக் கையாலேயே ஒடித்துவிட வேண்டும். கிணற்றுப் பக்கம் மட்டும் ஆழமாக வாய்க்கால் கீறி வேரை அறுத்துவிடுவோம். ஆற்றுப்பாலை வேருக்குத் தண்ணீர் வாசனை தெரியும், கிணற்றுச் சுவருக்குள்ளேயே புகுந்துவிடும். இதையெல்லாம் அவர் வாய் திறந்து சொன்னதே இல்லை. பின்னால் நின்று பார்த்ததுதான். ஒரு நாள் கத்தியை என் பக்கம் நீட்டி, "இந்தா, நிக்கிறதுக்கா சம்பளம்?" என்றார். அன்றிலிருந்து குளத்தின் ஒரு கரை அவருக்கு, ஒரு கரை எனக்கு.

பிறகு அந்தக் கொரோனா வந்தது. விடுதி அடைத்துக் கிடந்தது. நானும் காவல்காரரும் மட்டும் மாறி மாறிப் போய்த் தண்ணீர் விட்டோம். அந்தோணிச் சேட்டனுக்குக் காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, மெலிந்துபோய்த் திரும்பி வந்தார். விடுதியைத் திறந்தபோது பாதி ஆட்களைக் குறைத்துவிட்டார்கள். மேனேஜர் ஷீபா மேடம் எங்கள் முன்னாலேயே அவரிடம் சொன்னாள்: "சேட்டா, பிராயம் ஆனவங்க வேண்டான்னு முதலாளி சொல்லிட்டாரு. நான்தான் சண்டை பிடிச்சு உங்கள நிறுத்தியிருக்கேன். கிணத்துக்கு உங்க நாவு வேணும்னு சொல்லியிருக்கேன். நாவப் பத்திரமா வச்சுக்கோங்க."

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். வீட்டில் படுக்கையில் மனைவி, அவர் ஒருவர் சம்பாத்தியம். அந்தச் சிரிப்பில் என்ன இருந்தது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

அந்த வருஷம் வெட்டு முடிந்து துளிர் நன்றாகத்தான் வந்தது. நுனி சிவந்து, விரல் விரலாக. கும்ப மாசத்து வெயில், நம் ஊர் மாசி வெயில், ஏறினபோது இலை ஓரங்கள் பழுப்பாகத் தொடங்கின. நெருப்பு வைத்து ஓரத்தை மட்டும் கருக்கின மாதிரி.

"வெயிலு" என்றார் அந்தோணிச் சேட்டன்.

வெயில் என்றால் மேல் இலையில் அல்லவா முதலில் விழும்? அடியில், நிழலில் கிடந்த இலையும் கருகியிருந்தது. வெற்றிலை போட்ட வாயைக் கொப்பளிக்க அன்று கிணற்றுத் தண்ணீரை மொண்டேன். வாயில் வைத்தவுடன் அப்படியே நின்றுவிட்டேன். உப்பு. கொஞ்சநஞ்சமல்ல, சோற்றுக்கஞ்சியில் போடுகிற அளவுக்கு உப்பு. காலையில் அதே கிணற்றைத்தான் அவர் கொள்ளாம் என்றார்.

மறுநாள் கிணற்றடியில் அவர் பின்னாலேயே நின்றேன். கண்ணை மூடினார், நிறுத்தினார், துப்பினார். "கொள்ளாம்." அவர் மோட்டார் போடப் போனதும் சிரட்டையில் மிச்சம் இருந்ததை நான் வாயில் விட்டுப் பார்த்தேன். ஓரு.

சாப்பாட்டு நேரத்தில் எனக்கு மீதிச் சந்தேகமும் தீர்ந்தது. மனைவி படுக்கையில் விழுந்த பிறகு அவரே சமைத்துக்கொண்டுவருவார். கப்பைக்கிழங்கும் மீன்கறியும். எப்போதும் போல ஒரு துண்டு மீனை என் பாத்திரத்தில் போட்டார். வாயில் வைக்க முடியவில்லை. இரண்டு மூன்று தடவை உப்பு விழுந்திருக்கிறது. அவர் அதையே கப்பையில் பிசைந்து நிதானமாக உருட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"கறி எப்படி?" என்று கேட்டார்.

"கொள்ளாம் சேட்டா" என்றேன். ஒரு செம்புத் தண்ணீர் குடித்தேன்.

யோசித்துப் பாருங்கள். நான் என்ன செய்யட்டும்? மேடத்திடம் சொன்னால் அந்த மனுஷன் நாளைக்கே வீட்டில். சொல்லாமலிருந்தால் அவர் மடியில் சுமந்து வந்த செடி அவர் கையாலேயே சாகும். அவரிடமே சொல்லலாமே என்று நீங்கள் சொல்வீர்கள். உங்கள் மூத்தவரிடம் போய் உங்களுக்கு நாக்கு இல்லை என்று சொல்லிப் பாருங்கள்.

அதனால் பொய் சொல்லத் தொடங்கினேன். அவர் வருவதற்கு முன்னாலேயே வந்து கிணற்றைச் சுவைத்துப் பார்ப்பேன். ஓரு என்றால், அவர் கொள்ளாம் சொன்ன பிறகு, "சேட்டா, மோட்டார் சத்தம் சரியில்ல. இன்னைக்குத் தொட்டித் தண்ணி விட்டுக்கலாமே" என்பேன். இன்னொரு நாள் குழாயில் ஓட்டை. இன்னொரு நாள் கரண்ட் குறைவாக வருகிறது. அவர் முணுமுணுத்துக்கொண்டு, "மதி, மதி, போதும், உன் இஷ்டம்" என்பார். செடி கொஞ்சம் தெளிந்தது. ஆனால் முன்பே வேருக்குள் போன உப்பு போகவில்லை. தொட்டியும் இறங்கிக்கொண்டே வந்தது.

ஷீபா மேடம் கண்ணில் இரண்டும் பட்டுவிட்டது. கெட்டவள் இல்லை அவள். கணக்கு கேட்க வேண்டிய இடத்தில் இருந்தாள், கேட்டாள். "கிணறு நல்லாயிருக்குன்னு தினமும் சொல்றீங்க. அப்புறம் தொட்டி ஏன் காலியாகுது? வெள்ளமும் போகுது, செடியும் கருகுது." நான் மோட்டாரைச் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். அந்த வாரமே எர்ணாகுளத்திலிருந்து ஒரு காண்டிராக்டரை வரவழைத்தாள்.

அவன் நல்ல மரியாதையான பையன். குளத்தைச் சுற்றிவந்தான், இலையைக் கிள்ளிப் பார்த்தான். "மேடம், இது ஆத்தங்கரைச் செடி. இங்க நிக்காது. எல்லாத்தையும் பறிச்சுட்டுக் கரைக்குக் கல்லு கட்டிடலாம். மேல பனை வச்சுடலாம். நனைக்கவும் வேண்டா, வெட்டவும் வேண்டா" என்றான்.

இத்தனை வருஷம் நின்ற செடியை, நிற்காது என்றான். எனக்கு வாய் துடித்தது. ஆனால் வாயைத் திறந்தால் பிறகு என்ன வரும்? ஏன் கருகியது என்று கேட்பார்கள். அதற்கு ஒரு பதில்தான் உண்டு.

மேடம் அந்தோணிச் சேட்டனைப் பார்த்தாள். "சேட்டா, நீங்க சொல்லுங்க. வெள்ளத்துல குழப்பம் உண்டா? வெள்ளம் நல்லதுன்னா செடிதான் கொள்ளாது, பறிச்சுடலாம்."

அவர் கிணற்றுக்கு நடந்தார். நாங்களும் பின்னால் போனோம். முதல் வாளியைக் கொட்டினார். இரண்டாவது வாளியை ஆழத்தில் முக்கி எடுத்தார். சிரட்டையில் மொண்டார். எல்லாம் எப்போதும் போலத்தான். வாய்வரைக்கும் கொண்டுபோனவர் அங்கேயே நிறுத்தினார். பிறகு சிரட்டையை என் பக்கம் நீட்டினார்.

"நீ பாரு."

சிரட்டையை வாங்கினேன். ஒரு வாய் வைத்தேன். என்ன சொல்வது? அவர் முகத்தைப் பார்த்தேன்.

"என் மொகத்துல என்னடீ உண்டு? வெள்ளத்தச் சொல்லு."

"ஓரு" என்றேன்.

அவர் மேடத்தின் பக்கம் திரும்பினார். "ஓரு. இந்த மாசம் முழுக்க ஓருதான். அத விட்டது நானு. காய்ச்சலுக்கு அப்புறம் எனக்கு நாவு இல்ல. காயல் ஏறி எறங்குற வேலி ஏத்தம் பாத்தும் வெள்ளத்தோட நிறம் பாத்தும் சொல்லிட்டிருந்தேன். தப்பிப்போச்சு. செடிக்கு ஒரு குத்தமும் இல்ல மேடம். அத பறிக்க வேண்டா."

வாளி கிணற்றுச் சுவரில் ஆடிக்கொண்டிருந்தது. மேடம் காண்டிராக்டரை முன்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். அந்தோணிச் சேட்டன் கிணற்றுத் திட்டில் உட்கார்ந்தார்.

"மோட்டாருக்கு ஒரு கேடும் இல்ல பேச்சி. நான் அன்னைக்கே கழட்டிப் பாத்தேன்" என்றார்.

"தெரிஞ்சா ஏன் சேட்டா கேக்கல?"

"நீ ஏன் சொல்லல? அதே காரணந்தான்."

செடிகள் பிழைத்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தொட்டியில் கிடந்த மிச்சத்தையெல்லாம் வேரடியில் தேக்கித் தேக்கி விட்டோம், உப்பு கீழே இறங்கிப் போகட்டும் என்று. எரு போடவில்லை, கருகின நுனியைத் தொடவில்லை. கோடை மழை அந்த வருஷம் கொஞ்சம் முன்னாலேயே வந்து கைகொடுத்தது. அஞ்சு இன்றைக்கு வெட்டுகிற கொப்புகள் அதே அடிக்கட்டையிலிருந்து வருவதுதான். ஆனால் அந்த நாளில் இது எங்களுக்குத் தெரியாது. செடி போகுமா, அவர் போவாரா, இரண்டும் போகுமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம்.

மேடம் திரும்பி வந்தாள். காண்டிராக்டரை மழைக்கு அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டாளாம். அந்தோணிச் சேட்டன் எழுந்து நின்றார். தோர்த்தை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார், சட்டை மாட்டப் போகிறவர் மாதிரி.

"நாளைலேருந்து வெள்ளம் யாரு பாப்பாங்க?" என்று கேட்டாள்.

"இவ பாக்கட்டும். இவ நாவு சரியாயிருக்கு. கொஞ்சம் நீளம் கூடுதல், அவ்வளவுதான்."

"நீங்க?"

"எனக்கு நாவு மாத்திரந்தான் போச்சு. கை இங்க இருக்கு." உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "இந்த வெட்டு வேற யாருக்கும் வராது. இவளுக்கு வரும், ஆனா இவ பாதிக் கரைக்குத்தான் ஆவா."

எனக்குக் கோபம் வந்தது என்பதையும் எழுதிவைக்கிறேன். பாதிக் கரையாம்.

மேடம் குளத்துக் கரையில் கருகி நின்ற செடிகளை ஒரு சுற்றுப் பார்த்தாள். முதலாளியிடம் என்ன சொல்வது என்று யோசித்திருப்பாள். "நான் பேசிக்கறேன்" என்று மட்டும் சொன்னாள். நாலடி போய்த் திரும்பி, "சேட்டா, வீட்லயும் கறிக்கு உப்பு யாராவது பாக்கறாங்களா?" என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் மாமரத்தைப் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் சமையல்கட்டிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் சாயா வந்தது. மேடம் கொடுத்தனுப்பினதாம். அவர் கிளாசை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு மிடறு குடித்தார். எத்தனையோ மாசமாக வாயில் வைப்பதெல்லாம் வெறும் சூடும் குளிர்ச்சியுமாக இருந்த மனுஷன். முதல் முறையாக என்னிடம் வாய்விட்டுக் கேட்டார்.

"மதுரம் உண்டோடீ?"

நான் என்னுடையதைக் குடித்துப் பார்த்தேன். அவசரத்தில் சர்க்கரை போட மறந்திருந்தார்கள்.

"இல்ல சேட்டா."

அவர் கிளாசைத் திட்டின்மேல் ஓங்கி வைத்தார். "பின்ன என்ன நிக்கிற? கொண்டுபோய்ப் போட்டுட்டு வா. மதுரம் இல்லாத சாயாவ மனுஷன் குடிப்பானா?"